ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘உலகின் தலைசிறந்த நூறு படங்கள்’ என்ற பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். சில படங்களிலேயே தேர்வுக்குப் படிக்கும் உணர்வு வந்துவிட்டது. ஆர்வம் குறையாமல் பார்க்க வேறு வழி உண்டா?

பதில்: பட்டியல்களை நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். பிரிட்டனிலிருந்து வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டு வெளியிடும் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை டி சிக்காவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிடம் பெற்றது. 2022இல் ஷான்டல் ஆக்கர்மனின் ‘ழான் டீல்மன்’ அந்த இடத்துக்கு வந்தது. ரசனை எப்படி மாறுகிறது என்பதை அறிய அது நல்ல ஆவணம். ஆனால் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு படங்களுக்கு இடையே எந்த உறவும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்குச் சலிப்பு வந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு மனதாரப் பிடித்த ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதை எடுத்தவர் எந்தப் படத்தைப் பார்த்து நெகிழ்ந்தார், அதைப் பார்த்துப் பின்னால் யார் எடுத்தார் என்று தேடுங்கள். யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) பலருக்கும் தெரிந்த படம். பிள்ளைகளைப் பார்க்க நகரத்துக்கு வரும் வயதான பெற்றோருக்கு, அந்தப் பிள்ளைகளிடம் நேரம் இல்லை. இதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் லியோ மெக்கேரி ‘மேக் வே ஃபார் டுமாரோ’ (1937) என்ற படத்தை எடுத்திருந்தார். வீட்டை இழந்த முதிய தம்பதியை ஆளுக்கொரு பிள்ளை வீட்டில் பிரித்து வைப்பதுதான் அதன் கதை. ஓசுவுடன் இணைந்து திரைக்கதை எழுதிய கோகோ நோடா அந்தப் படத்தை மனத்தில் வைத்திருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே துயரத்தை ஒருவர் எவ்வளவு வெளிப்படையாகவும் மற்றவர் எவ்வளவு அடக்கியும் சொல்கிறார் என்பது யாரும் விளக்காமலே புரியும்.

இதைவிட வளமான தொடர் ஒன்றும் உண்டு. டக்ளஸ் சர்க்கின் ‘ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்’ (1955) படத்தில், வசதியான கைம்பெண் ஒருத்தி தன்னைவிட இளையவரான தோட்டக்காரரை விரும்புகிறாள். அந்த உறவை எதிர்க்கும் பிள்ளைகள், அவளது தனிமைக்குத் துணையாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைப் பரிசளிக்கிறார்கள், அதன் திரையில் அவளுடைய முகமே தெரிகிறது. ஜெர்மனியில் ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் இந்தக் கதையை ‘அலி: ஃபியர் ஈட்ஸ் தி சோல்’ (1974) என்று மாற்றி எடுத்தபோது, கதாநாயகி துப்புரவுப் பணி செய்யும் முதிய பெண்ணாகவும், அவள் மணப்பவர் மொராக்கோவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியாகவும் ஆனார்கள். இங்கே திருமணச் செய்தியைக் கேட்ட மகன் தொலைக்காட்சிப் பெட்டியை எட்டி உதைத்து உடைக்கிறான். டாட் ஹெய்ன்ஸ் 2002இல் எடுத்த ‘ஃபார் ஃப்ரம் ஹெவன்’ மீண்டும் ஐம்பதுகளின் அமெரிக்காவுக்குப் போய், வெள்ளையரான இல்லத்தரசிக்கும் கறுப்பினத் தோட்டக்காரருக்கும் இடையிலான நட்பாக அதை வளர்க்கிறது. மூன்று படங்களையும் இதே வரிசையில் பாருங்கள். வர்க்கம், வயது, இனம் என்று விலக்கி வைப்பதற்கான காரணம் மட்டும் மாறிக்கொண்டே போவதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

கேள்வி: புத்தகங்களில் போற்றப்படும் சில படங்கள் எங்கு தேடியும் கிடைப்பதில்லை. நல்ல படம் எப்படிக் காணாமல் போகிறது?

பதில்: முதல் காரணம் படச்சுருளே. 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலான படங்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளில்தான் இருந்தன. எரியாதவையும் காலப்போக்கில் சிதைந்தன. மௌனப் படங்களின் காலம் முடிந்ததும் அவற்றுக்கு இனிப் பயனில்லை என்று நிறுவனங்கள் கருதியதும் சேர்ந்துகொண்டது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில் சுமார் 14 சதவீதமே அசல் வடிவில் எஞ்சியிருப்பதாக அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

கார்ல் டிரையரின் ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) பட்ட பாட்டைக் கேளுங்கள். அசல் நெகட்டிவ் தீயில் அழிந்தது. பயன்படுத்தாமல் வைத்திருந்த காட்சிப் பதிவுகளைக் கொண்டு டிரையர் இரண்டாவது வடிவத்தைத் தொகுத்தார். அதன் நெகட்டிவும் எரிந்துபோனது. குறைபட்ட பிரதிகளையே உலகம் பல ஆண்டுகள் பார்த்துவந்த நிலையில், 1981இல் நார்வேயின் ஒஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில், தணிக்கைக்கு உட்படாத முதல் வடிவத்தின் பிரதி கிடைத்தது. இன்று ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் முகத்தை நாம் அவ்வளவு நெருக்கத்தில் பார்க்க முடிவது அந்தப் பிரதியால்தான்.

தடையும் ஒரு காரணம். முகமது ரேசா அஸ்லானியின் ஈரானியப் படமான ‘செஸ் ஆஃப் தி விண்ட்’ 1976இல் டெஹ்ரானில் திரையிடப்பட்டபோது வரவேற்புப் பெறவில்லை. புரட்சிக்குப் பிறகு தடை செய்யப்பட்டது. தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்ட அதன் நெகட்டிவ் 2014இல் ஒரு பழம்பொருள் கடையில் அகப்பட்டு, செப்பனிடப்பட்ட வடிவம் 2020இல் வெளிவந்தது. சொத்துக்காக ஒரு குடும்பம் தன்னையே தின்னும் அந்தப் படத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தின் அழகுக்காகவே ஒருமுறை பார்க்கலாம்.

சுருள் பத்திரமாக இருந்தும் உரிமைச் சிக்கலால் முடங்கும் படங்களும் உண்டு. சார்லஸ் பர்னெட் மாணவராக இருந்தபோது எழுபதுகளில் எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’, அதில் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமை வாங்கப் பணம் இல்லாததால், 2007 வரை முறையாகத் திரையரங்குக்கு வரவில்லை. இறைச்சிக் கூடத்தில் வேலை செய்யும் ஒருவரின் களைப்பை அவ்வளவு மரியாதையோடு காட்டிய படம் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது.

கேள்வி: ஒரே பழைய படம் ஒரு தளத்தில் 100 நிமிடம் என்றும் இன்னொன்றில் 96 நிமிடம் என்றும் இருக்கிறது. காட்சிகளை வெட்டியிருக்கிறார்களா?

பதில்: வெட்டாமலும் அப்படி ஆகும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம், அதாவது தனித்தனி நிழற்படம்) ஓடுவது. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கு மாற்றும்போது 25ஆக ஓட்டுவார்கள், அதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் குறைந்திருந்தால் ஐயப்படுங்கள். திரையின் வடிவத்தையும் கவனியுங்கள். ஐம்பதுகளுக்கு முந்தைய பெரும்பாலான படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. இருபுறமும் கருப்புப் பட்டை தெரிந்தால் அது சரியான பிரதி. அகலத் திரை முழுவதும் நிரம்பியிருந்தால் மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள் அல்லது படத்தை இழுத்திருப்பார்கள்.

கேள்வி: ‘ழான் டீல்மன்’ பார்க்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். குறை என்னிடமா, படத்திடமா?

பதில்: இருவரிடமும் இல்லை, அந்தப் படத்தைத் துண்டு துண்டாகப் பார்க்க இயலாது, அவ்வளவுதான். 201 நிமிடங்களில் ஒரு கைம்பெண்ணின் மூன்று நாள்கள். முதல் நாளில் அவள் சமைப்பதும் துலக்குவதும் விளக்கை அணைப்பதும் நமக்குப் பழகிப்போனால்தான், இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடும்போது நமக்கும் பதற்றம் பிடிக்கும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரே அமர்வில் பாருங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து எடுங்கள்.

கேள்வி: பணம் கட்டாமல், சட்டத்தை மீறாமல் இத்தகைய படங்களைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தன் யூடியூப் பக்கத்தில் பழைய கொரியப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாகத் தருகிறது. ரஷ்யாவின் மோஸ்ஃபில்ம் படநிறுவனமும் அவ்வாறே தன் படங்கள் பலவற்றை ஏற்றியிருக்கிறது. கொரியப் படங்களுக்குள் நுழைய விரும்பினால் கிம் கி-யங்கின் ‘தி ஹவுஸ்மெய்ட்’ (1960) படத்தை முதலில் தேடிப் பிடியுங்கள். வீட்டுவேலைக்கு வரும் ஒரு பெண்ணால் நடுத்தரக் குடும்பம் ஒன்று நொறுங்கும் கதை. அதன் நெகட்டிவில் இரண்டு ரீல்கள் காணாமல் போயிருந்தன; கையால் எழுதிய ஆங்கில சப்டைட்டில் உள்ள ஒரு பிரதியிலிருந்து அவற்றை எடுத்து, எழுத்துகளைக் கணினியில் அழித்து 2008இல் செப்பனிட்டார்கள். இடையில் சில நிமிடங்கள் படம் மங்கித் தெரிந்தால் உங்கள் இணைய வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். அவை அந்த இரண்டு ரீல்கள்.