‘இது முடிந்த பிறகு அது’: பணிகளை இணைக்கும் டேபிள் எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் குழுவுக்காக ஆன்லைன் பணிப்பட்டியல் ஒன்றை உருவாக்குகிறோம். ஒரு பணியை இன்னொன்றோடு இணைக்கவும், இழுத்துப் போட்டு வரிசையை மாற்றவும் வசதி வேண்டும். தரவுத்தளத்தின் பணி டேபிளில் ‘முந்தைய பணி’ என்று ஒரு காலம் (column, நெடுவரிசை) சேர்த்தால் போதுமா?

பதில்: போதாது. ஒரு புத்தகம் அச்சுக்குப் போக, அட்டைப்படமும் தயாராக வேண்டும், பிழைதிருத்தமும் முடிய வேண்டும். அந்த ஒரு காலத்தில் எதை எழுதுவீர்கள்? இரண்டு எண்களையும் கமா போட்டு அடைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஃபாரின் கீ (அந்த எண்ணில் உண்மையிலேயே பணி இருக்கிறதா என்று தரவுத்தளமே உறுதிசெய்யும் இணைப்பு) போட வழியில்லை, தேடுவதும் தலைவலி.

நீங்கள் கேட்பதற்குள் மூன்று வேறு உறவுகள் இருக்கின்றன: எதற்குள் எது (உட்பணி), எதற்குப் பின் எது (சார்பு), திரையில் எதற்குக் கீழே எது (வரிசை). இவற்றை ஒன்றாகக் குழப்புவதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. உட்பணிக்குப் பணி டேபிளிலேயே ‘தாய்ப்பணி’ என்ற காலம் போதும். சார்புக்குத் தனி டேபிள் கட்டாயம்.

அந்த டேபிளில் முந்தைய பணி எண், அடுத்த பணி எண் என இரண்டு காலம். இரண்டும் சேர்ந்தே பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் குறி. ஒரே இணைப்பு இருமுறை பதிவாகாது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது என்று ஒரு செக் நிபந்தனை (தரவுத்தளமே சோதிக்கும் விதி) வையுங்கள். அடுத்த பணி எண்ணுக்குத் தனி இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) வேண்டும். இல்லாவிட்டால் ‘இது எதற்காகக் காத்திருக்கிறது?’ என்று தேடும்போதெல்லாம் முழு டேபிளையும் துழாவ நேரிடும். திட்ட மேலாண்மையில் சார்பு நான்கு வகை. ‘முடிந்தபின் தொடங்கு’ என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தொடங்குங்கள், மற்ற மூன்றும் அரிதாகத்தான் தேவைப்படும்.

அடுத்தது சுழற்சி. அ-வுக்குப் பின் ஆ, ஆ-வுக்குப் பின் இ, இ-க்குப் பின் அ என்றாகிவிட்டால் மூன்றுமே நகராது. ‘அ-வுக்குப் பின் ஆ’ என்ற இணைப்பைச் சேர்க்கும் முன், ஆ-விலிருந்து கிளம்பி அடுத்தடுத்த பணிகளைப் பின்தொடருங்கள். வழியில் அ வந்தால் மறுத்துவிடுங்கள். போஸ்ட்கிரேஸ் (PostgreSQL) தரவுத்தளத்தில் இதற்கு ‘வித் ரிகர்சிவ்’ (WITH RECURSIVE) வினவல் போதும், அது தன் விடையையே வைத்து மீண்டும் தேடும். பணி எண்ணை மட்டும் எடுத்து, ‘யூனியன் ஆல்’ போடாமல் ‘யூனியன்’ போடுங்கள், அது ஏற்கெனவே வந்த எண்ணை மறுபடி சேர்க்காது. ஏற்கெனவே ஒரு சுழற்சி நுழைந்திருந்தாலும் வினவல் முடிவின்றி ஓடாது. தாய்ப்பணி தன் உட்பணிகள் முடிந்தால்தான் முடியும் என்பது உங்கள் விதியானால், அந்த உறவையும் சோதனையில் சேருங்கள். விட்டால், தன் தாய்ப்பணிக்காகவே காத்திருக்கும் உட்பணி ஒன்று என்றைக்கும் முடங்கிக் கிடக்கும்.

இந்தச் சோதனை இருந்தும் சுழற்சி நுழையலாம். ஒருவர் அ→ஆ என்றும் இன்னொருவர் ஆ→அ என்றும் ஒரே நொடியில் சேர்த்தால், மற்றவரின் இணைப்பு இன்னும் பதிவாகாததால் இருவருக்கும் ‘சரி’ என்றே வரும். சோதனைக்கு முன்பே, அந்தப் பணிகள் அடங்கிய திட்டத்தின் வரியை (row) ‘ஃபார் அப்டேட்’ (FOR UPDATE) கொண்டு பூட்டுங்கள், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார்.

திரை வரிசைக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்தால், ஒன்றை மேலே இழுத்ததும் இடையிலுள்ள எல்லாவற்றையும் திருத்த வேண்டும். இடைவெளி விட்டு எண் கொடுத்து, நடுவே வருவதற்குச் சராசரியைக் கொடுப்பது வழக்கம். 1000, 2000 என்று விட்டால், முதலாவதை ஒட்டியே திரும்பத் திரும்பச் செருகும்போது 9 முறையில் இடம் தீர்ந்துவிடும். 65,536 விட்டால் 16 முறை. தசம எண்ணும் தப்பிக்காது: 64 பிட் டபுளில் (கணினி தசம எண்ணைச் சேமிக்கும் வழக்கமான வடிவம்) 1-க்கும் 2-க்கும் நடுவே ஏறக்குறைய 52 முறைதான். ஆகவே இடம் தீர்ந்ததும் அந்தப் பட்டியலுக்கு மட்டும் புதிதாக எண் போடும் ஒரு நிரல் வேண்டும். எழுத்துச்சரத்தை வரிசைக்குறியாக வைத்தால் இடம் தீராது. ஆனால் அந்தக் காலத்துக்கு ‘சி’ (C) கொலேஷன், அதாவது எழுத்துகளை அவற்றின் குறியீட்டு எண் வரிசையிலேயே ஒப்பிடும் விதி, கொடுங்கள். மொழி சார்ந்த கொலேஷனில் சிறிய, பெரிய எழுத்துகள் கலந்து வரிசை தாறுமாறாகும்.

‘செய்யும் வரிசை’ என்று ஒரு பார்வை வேண்டுமானால், 1962-இல் ஆர்தர் கான் வெளியிட்ட முறை எளிது: எதற்காகவும் காத்திராத பணிகளை முதலில் எடு, அவற்றின் இணைப்புகளை நீக்கு, மீண்டும் எடு. ஒரே நேரத்தில் பல பணிகள் தயாராக இருந்தால், பயனர் இழுத்துப் போட்ட வரிசையில் எது முன்னதோ அதை எடுங்கள். அவர் விருப்பமும் கூடியவரை மீறப்படாது, சார்பும் உடையாது.

‘தடைபட்டது’ என்ற நிலையைக் காலத்தில் சேமிக்காதீர்கள். முடிந்த பணியை யாராவது மறுபடி திறந்தால் அது பொய்யாகிவிடும், கேட்கும்போது கணக்கிடுங்கள். நடுவிலுள்ள பணியை நீக்கும்போதும் கவனம் தேவை: அ→ஆ→இ என்பதில் ஆ-வை அழித்தால் கேஸ்கேட் (ஒரு வரி அழியும்போது அதைச் சுட்டும் வரிகளையும் தானே அழிக்கும் அமைப்பு) இரு இணைப்புகளையும் சத்தமில்லாமல் அழித்துவிடும், இ உடனே ‘தயார்’ ஆகிவிடும். அழிக்கும் முன் ‘அ-வையும் இ-யையும் நேரடியாக இணைக்கவா?’ என்று பயனரிடம் கேளுங்கள்.