நோயால் பார்வை இழந்த பின்: கேள்வி பதில்

கேள்வி: நீரிழிவு விழித்திரை நோயால் என் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாததால், நாலு பேர் கூடும் இடங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: பார்வையிழப்பால் அறுந்துபோகும் உறவுகளைவிட, அது தரும் சங்கடத்துக்கு அஞ்சி நாமே விலகுவதால் இழக்கும் உறவுகள் அதிகம் என்பதை, மறுவாழ்வுப் பயிற்சியாளராக நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நெருங்கியவர்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வையுங்கள்: வந்தவுடன் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும், எழுந்து போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். எதிர் நாற்காலி காலியானது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்து, பிறகு அதை உணர்பவரின் மனம் சுருங்கிப்போகிறது. அடுத்த அழைப்பை அவர் மறுப்பதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது. இரைச்சலில் குரல்களைப் பிரித்தறிவது கடினம் என்பதால், இருவர் மூவரோடு அமைதியான இடத்தில் தொடங்குங்கள். துயரமும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். கண் சிகிச்சையைப் போலவே அதுவும் தேவையானது.

கேள்வி: கண்ணழுத்த நோயால் பார்வை குன்றிய என் தந்தை, அறையில் சிறுவர்கள் நிற்பதாகவும் சுவரில் பூவேலைப்பாடு தெரிவதாகவும் சொல்கிறார். மனநோயாக இருக்குமோ?

பதில்: பெரும்பாலும் இராது. கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளை தானாகவே காட்சிகளை உருவாக்குவதுண்டு. கண்புரையால் பார்வை மங்கிய தம் தாத்தாவுக்கு இவ்வாறு நேர்ந்ததை 1760இல் பதிவு செய்த சுவிட்சர்லாந்து இயற்கை ஆய்வாளர் சார்லஸ் போனேயின் பெயராலேயே இது ‘சார்லஸ் போனே நோய்க்குறி’ என்று அழைக்கப்படுகிறது. இக்காட்சிகளில் ஒலி இராது. அவை உண்மையல்ல என்பதும் காண்பவருக்குப் பொதுவாகத் தெரியும். விளக்கைப் போடுவதும் கண்களை இடவலமாக அசைப்பதும் சிலருக்கு அவற்றை மறையச் செய்கின்றன. வேறு காரணம் இல்லையென்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சிப் பலர் இதை மறைத்துத் தனியே தவிக்கிறார்கள்; உங்கள் தந்தை உங்களிடம் சொன்னதே பெரிய நம்பிக்கை.

கேள்வி: கணவரின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றால் அவர் எரிச்சலடைகிறார்.

பதில்: நீங்கள் பிடிக்காதீர்கள், உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொண்டு, அரைக் காலடி பின்னால் வரட்டும். படி ஏறுவதும் திரும்புவதும் உங்கள் உடலசைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: அறுபது வயதில் பிரெய்ல் கற்க முடியுமா? எனக்கும் நீரிழிவு உண்டு.

பதில்: முடியும். ஆனால் நீரிழிவால் விரல்நுனி மரத்துப்போயிருந்தால் புள்ளிகளை உணர்வது சிரமம். எனவே முதலில் கைபேசியிலேயே உள்ள, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் வசதியான டாக்பேக் (ஆண்ட்ராய்டு) அல்லது வாய்ஸ்ஓவரைப் (ஐபோன்) பழகுங்கள். திரையில் உள்ள ஒன்றைத் தொட்டால் அதன் பெயரை வாசிக்கும், இருமுறை தட்டினால் திறக்கும். முதல் பாடமாக, யார் உதவியுமின்றி ஒரு நண்பரை அழைத்துப் பேசுங்கள்.