காரணி தெரியாத பகு எண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

147573952589676412927 பகா எண் அல்ல என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகா நிறுவிவிட்டார், ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட அவர் அறிந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எதனால் வகுபடும் என்று தெரியாமலே வகுபடும் என்று எப்படிச் சொல்வது? இது நிரூபணமா, நம்பிக்கையா?

க.

அன்புள்ள க.,

நிரூபணம்தான். ஐயத்துக்கு இடமே இல்லாத நிரூபணம்.

அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். 1644-இல் மெர்சென் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். வகுத்துப் பார்த்தே முடிவுசெய்வதென்றால் சுமார் 1,200 கோடி வரை தேட வேண்டும்.

லூகா வகுக்கப் போகவில்லை. பகா எண்கள் சில விதிகளை ஒருபோதும் மீறுவதில்லை. மீறும் எண் எதுவானாலும் அது பகா எண் அல்ல. உதாரணமாக, ஒற்றைப்படைப் பகா எண் எதை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான எண்ணிக்கையில் இரண்டுகளைப் பெருக்கி அதனால் வகுத்தால் மீதி 1. இதை 15-இல் சோதியுங்கள். பதினான்கு இரண்டுகளின் பெருக்கம் 16384. 15-ஆல் வகுத்தால் மீதி 4. தீர்ந்தது, 15 பகு எண். மூன்றும் ஐந்தும் இந்தக் கணக்கில் எங்குமே தலைகாட்டவில்லை, கவனித்தீர்களா? உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் நம் 21 இலக்க எண் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதன் அமைப்பே அப்படி. அதனால் இன்னும் கூர்மையான விதி தேவைப்பட்டது. லூகா கண்ட வழிக்குப் பின்னாளில் கணிதவியலாளர் லேமர் தந்த வடிவம் மிக அழகானது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிய இரண்டுகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவான முறை இதையே செய்யுங்கள். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். ஐந்து இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்த 31-க்கு மூன்று முறை போதும்: 14, 194, அதாவது மீதி 8, பிறகு 62, மீதி 0. பூஜ்யத்தில் முடிந்ததால் 31 பகா எண். பதினொரு இரண்டுகளில் பிறக்கும் 2047-க்கு ஒன்பது முறை செய்தால் 1736 மிஞ்சுகிறது. அது பகு எண். அறுபத்தேழுக்கு 65 முறை. 1,200 கோடி எங்கே, 65 எங்கே!

காரணிகளை 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் வெளியிட்டார்: 193707721 × 761838257287. தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே பெருக்கிச் சரிபார்க்கலாம். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியிலும் ஒன்றைக் கழித்தால் 134-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பது விதி. முதல் காரணியில் செய்து பாருங்கள், சரியாக 1445580 வரும். இந்த விதி தேடலைச் சுருக்கும், ஆனால் காரணியைக் கையில் தராது. பகு எண் என்று அறிவதும் காரணியைக் கண்டெடுப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது பல மடங்கு கடினம்.

அந்த இடைவெளி இன்றும் மூடவில்லை. 10,48,576 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் வரும். அது பகு எண் என்று 1980-களிலேயே கணினியில் நிறுவிவிட்டார்கள். அதன் ஒரு காரணிகூட இதுவரை அகப்படவில்லை.