தட்டில் கோளாறு இல்லை
ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘கிராஷ் லேண்டிங்’ பழைய இசைத்தட்டை வாங்கினேன், டிரம்ஸ் மட்டும் ஒட்டாமல் தனியாகக் கேட்கிறது, ஊசியை மாற்றணுமா என்று கேட்டிருந்தீர்கள். ஊசியைத் தொடாதீர்கள். அவர் 1970 செப்டம்பரில் இறந்துவிட்டார், தட்டு வந்தது 1975இல். தயாரிப்பாளர் ஆலன் டக்ளஸ் அவருடைய ஸ்டுடியோ நாடாக்களை எடுத்து, பல பாட்டுகளில் கூட வாசித்தவர்களின் டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் நீக்கிவிட்டு, ஹென்ட்ரிக்ஸைப் பார்த்தே இராத கூலிக் கலைஞர்களை வாசிக்க வைத்து ஒட்டினார். எனக்கு அது இன்னும் எரிச்சல்தான்.

சரி, சந்தேகம் இருந்தால் 2013இல் வந்த அவருடைய ‘பீப்பிள், ஹெல் அண்ட் ஏஞ்சல்ஸ்’ ஆல்பத்தை எடுத்து ‘சம்வேர்’ பாட்டை மட்டும் போடுங்கள். அதே பாட்டு இரண்டிலும் இருக்கிறது, ஆனால் இதில் டிரம்ஸ் பட்டி மைல்ஸ், பேஸ் ஸ்டீபன் ஸ்டில்ஸ், 1968இல் கூடவே வாசித்தவர்கள். கிட்டார் இழுக்கிற இடத்தில் டிரம்ஸும் கூடவே சாயும், பாருங்கள். அப்புறம், பழைய தட்டை விற்றுவிடாதீர்கள், கிட்டார் அவருடையதுதான்.