மொட்டைக்கு வேண்டுதல் என்று சொல்லிவிடலாமா?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 38. கணவர் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 6. இரண்டு மாதத்துக்கு முன் எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்துவிட்டார்கள். போன வாரம்தான் முதல் தடவையாகக் கீமோ மருந்து ஏற்றினார்கள். சீக்கிரமே முடி கொட்டத் தொடங்கும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார்.

பிள்ளைகளிடம் "அம்மாவுக்கு வயிற்றில் புண்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். இது மாமியாரின் ஏற்பாடு. மாமனார் புற்றுநோயில்தான் போனார். அந்தப் பெயரையே வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்பார் மாமியார். முடி கொட்டினால், பீலிக்கான் கோயில் அம்மனுக்கு வேண்டுதல், அதனால் மொட்டை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம் என்கிறார். என் தட்டையும் தம்ளரையும்கூடத் தனியாக வைத்துவிட்டார், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமாம்.

பள்ளிக்குக் கிளம்பும்போது மகள் என் மடியில் உட்கார்ந்துதான் கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொள்வாள். இப்போது பாட்டியிடம் போய் நிற்கிறாள். "நான் அம்மா மேலே குதித்ததால்தான் அம்மாவுக்கு வலிக்கிறதா?" என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். மகன் எதுவுமே கேட்பதில்லை. ஆனால் பீரோவில் இருந்த என் ரிப்போர்ட் இடம் மாறியிருந்தது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது, அவன் ஆங்கிலம் நன்றாகப் படிப்பவன்.

சொல்வதா, வேண்டாமா? சொல்வதானால் எப்படிச் சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

சொல்லுங்கள். முடி கொட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் முடி உதிரத் தொடங்கும், ஆகவே அதிக அவகாசம் இல்லை.

உங்கள் மாமியார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கணவரைப் பறிகொடுத்த காலத்தில் அந்த நோயின் பெயரைச் சொல்வதே சாவைச் சொல்வது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த வேண்டுதல் கதை மட்டும் வேண்டவே வேண்டாம். உண்மையாகவே வேண்டிக்கொண்டு மொட்டை போடுவது உங்கள் விருப்பம். நோயை மறைக்க அம்மனைச் சாக்காக வைத்தால், "முடி கொடுத்த பிறகும் அம்மாவுக்கு ஏன் சரியாகவில்லை?" என்று உங்கள் மகள் ஒருநாள் கேட்பாள். அதற்குப் பாட்டியிடமும் பதில் இருக்காது. தலை மழித்து இளஞ்சிவப்பு ஆடையில் போகும் பெண் துறவிகளைத் தெருவில் பார்த்து வளரும் குழந்தை வேறு. அம்மாவும் அப்படி வீட்டைவிட்டுப் போகப்போகிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டால்? காரணம் தெரியாத இடத்தைக் குழந்தையின் கற்பனை நிரப்பிவிடும், அது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாகவே இருக்கும்.

உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது. மடிக்கு வராமல் பாட்டியிடம் போய் நிற்பதைப் பாசம் குறைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். தான் தொட்டால் அம்மாவுக்கு வலிக்கும், இதெல்லாம் தன்னால் வந்தது என்று நினைத்து அவள் விலகி நிற்கிறாள். ஆறு வயதில், தான் செய்ததாலோ மனதில் நினைத்ததாலோதான் எல்லாம் நடக்கிறது என்று குழந்தைகள் நம்புவார்கள். எனவே மற்ற எதற்கும் முன்னால் அவளிடம் இதைச் சொல்லுங்கள்: "நீ குதித்ததால் எனக்கு இது வரவில்லை. யார் இடித்தாலும், யார் கோபப்பட்டாலும் இது வராது." இது ஆறுதலுக்காகச் சொல்லும் பொய்யும் இல்லை. அடிபடுவதால் மார்பகப் புற்றுநோய் வருவதில்லை.

பிறகு நோயின் பெயரைச் சொல்லுங்கள். "அம்மாவின் மார்பில் ஒரு கட்டி வந்தது. அதற்குப் புற்றுநோய் என்று பெயர். டாக்டர் அதை எடுத்துவிட்டார். அது திரும்ப வராமல் இருக்க மருந்து ஏற்றுகிறார்கள். அந்த மருந்தால் முடி கொட்டும், களைப்பு வரும், வாந்தி வரும். மருந்து முடிந்ததும் முடி முளைக்கும்." இவ்வளவு போதும். வயிற்றில் புண் என்று சொல்லிவிட்டு மார்பில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் எந்தக் குழந்தைக்கும் குழப்பம்தான். வயிற்றுப்புண் என்றாலே மொட்டை என்று நினைத்து, தனக்கு வயிறு வலிக்கும் ஒவ்வொரு முறையும் அவள் நடுங்குவாள். வீட்டில் தமிழில் மூடி வைத்தாலும், பக்கத்து வீட்டார் பர்மியத்தில் பேசும்போது அது அவள் காதில் விழத்தான் போகிறது.

தனித் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். புற்றுநோய் ஒட்டாது. தொற்று வரும் ஆபத்து உங்களுக்குத்தான். கீமோவுக்குப் பிறகு இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், அதனால் மகளுக்குச் சளியோ அம்மையோ வந்தால் அந்த நாட்களில் மட்டும் அவள் உங்களைவிட்டுத் தள்ளியிருக்க வேண்டும். ஏன் என்று அவளுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் தண்டனை என்று எடுத்துக்கொள்வாள். உங்களுக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படி நடுராத்திரியில் போக நேர்ந்தால் பாட்டியோடு இருக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மருந்து ஏற்றிய இரண்டு நாட்களுக்குக் கழிவறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் முறைகளை நர்ஸிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். மடியில் உட்காருவதற்கு அது தடையில்லை.

அடுத்து மகன். அவன் ரிப்போர்ட்டைப் படித்திருப்பான், போனில் தேடியும் இருப்பான். அங்கே கண்ணில் பட்டதையெல்லாம் தன் அம்மாவுக்கு என்றே எடுத்துக்கொண்டிருப்பான். எடுத்தது நீதானே என்று விசாரிக்காதீர்கள். அவனைத் தனியாக அழைத்துக்கொண்டு நடந்துபோகும்போதோ, சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டோ, "அம்மாவுக்கு என்ன என்று உனக்கு எவ்வளவு தெரியும்?" என்று கேளுங்கள். அந்த வயதுப் பையன்கள் முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் பேச மாட்டார்கள். உங்கள் டாக்டர் சம்மதித்தால் அடுத்த முறை அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தேகத்தை அவரிடமே கேட்கட்டும்.

நம் உறவினர்கள் வந்தால் அவன் தோளைத் தட்டி, "இனி நீதான் பெரியவன், தங்கச்சியைப் பார்த்துக்கொள்" என்பார்கள். எனக்குப் பிடிக்காத வாசகம் இது. அரிசி வாங்கி வரலாம், தங்கச்சியைப் பள்ளியில் விட்டு வரலாம், அதில் தவறில்லை. ஆனால் மாலையில் பந்து விளையாடப் போகிறானா என்பதைக் கவனியுங்கள். நிறுத்தியிருந்தால் நீங்களே சொல்லி அனுப்புங்கள்.

"செத்துப்போய்விடுவாயா?" என்று இருவரில் ஒருவர் கேட்கலாம். பெரும்பாலும் சின்னவள்தான் கேட்பாள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில், சாதாரணமாக. சாகவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம். "குணமாக்கத்தான் டாக்டர் மருந்து கொடுக்கிறார். நானும் ஒழுங்காக எடுத்துக்கொள்கிறேன். ஏதாவது மாறினால் முதலில் உங்களிடம் சொல்வேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், அதனால் பிள்ளைகள் உடைந்துபோய்விட மாட்டார்கள்.

மாமியாரிடம் உங்கள் கணவரையே பேசச் சொல்லுங்கள். அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும். மருந்து ஏற்றும் நாட்களில் மகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லப்போவது அவர்தான், இருவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சில வாரங்களுக்கு மகள் படுக்கையை நனைக்கலாம், வயிற்று வலி என்று பள்ளிக்குப் போக மறுக்கலாம், மகன் எரிந்து விழலாம். திட்டாதீர்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கமும் சாப்பாடும் சரியாகாவிட்டாலோ, தனக்கு வாழப் பிடிக்கவில்லை என்று மகன் ஒருமுறை சொன்னாலோ, தள்ளிப்போடாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்