மதுரைத் திட்டமும் மாமியார் சமையலறையும்

வணக்கம்.

வெளிநாட்டு உதவிப் பணத்தைத் தரவு பார்த்துத்தான் செலவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஒரு திட்டம் ஓரிடத்தில் பலன் தந்துவிட்டால் அதையே மற்ற நாடுகளிலும் செய்துவிட்டுப் போகலாமே? ஒவ்வொரு இடத்திலும் மறுபடி ஆய்வு, கணக்கெடுப்பு என்று ஏன் காசைக் கரைக்க வேண்டும்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

அப்படிச் செய்தும் பார்த்தார்கள். உலக வங்கிக் கடனில் 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கியது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 6 முதல் 36 மாதக் குழந்தைகளுக்கு மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. தேறினால் நிறுத்திவிடுவார்கள். தாய்க்கு ஆலோசனையும் உண்டு. திட்டம் நல்ல பெயர் வாங்கியது.

1995இல் வங்கதேசத்தில் ஏறக்குறைய அதே அச்சில் ஒன்று வந்தது. எதிர்பார்த்த பலன் வரவில்லை என்று 2005இல் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே எழுதியது. திட்ட மையத்தில் கொடுத்த உணவை வீட்டுச் சாப்பாட்டில் கழித்துக்கொண்டார்கள். ஆலோசனை தாய்க்குப் போனது. ஆனால் அங்கே சந்தைக்குப் போவது ஆண்கள், கூட்டுக்குடும்பத்தில் சமையலறை மாமியார் பொறுப்பு. மருமகள் எதைக் கற்றுக்கொண்டு வந்தாலும் தட்டில் விழுவதை முடிவு செய்பவர் வேறு ஆள்.

அளவீட்டிலும் ஓட்டை விழும். 'இத்தனை குழந்தைகள் தேறி வெளியேறினார்கள்' என்ற கணக்கை நம்பாதீர்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து எடை அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் குழந்தையைச் சேர்க்கிறார்கள். அவர்களில் பலர் தானாகவே தேறிவிடுவார்கள். இன்னொன்று, இரண்டாம் வயதில் குழந்தை மாதத்துக்குச் சுமார் 200 கிராம்தான் கூடும். தொங்கு தராசின் ஒரு கோடே 100 கிராம். போன மாதம் ஸ்வெட்டரோடு, இந்த மாதம் வெறும் உடம்போடு நிறுத்தால், நன்றாக வளரும் குழந்தையும் 'எடை ஏறாத' பட்டியலில் சேர்ந்துவிடும். முள்ளைப் பூஜ்யத்தில் வைக்காமல் நிறுத்தாலும் இதே கதிதான்.

ஆகவே திட்டம் இல்லாத பக்கத்து வட்டத்திலும் அதே வயதுக் குழந்தைகளை அதே மாதத்தில் நிறுக்க வேண்டும். அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதத்தையும் பிந்தைய மாதத்தையும் ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் ஜெயித்ததாகத்தான் தெரியும்.

நீங்கள் கேட்ட காசு விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் மறுஆய்வு வேண்டாம். தட்டம்மை ஊசி வேலை செய்யுமா என்று ஊருக்கு ஊர் சோதிப்பது வீண். மனிதர்கள் இடையில் வரும் கண்ணியை மட்டும் பாருங்கள். யார் வாங்குகிறார், யார் பரிமாறுகிறார், கூடுதல் உணவு வந்த நாளில் குழந்தை வீட்டில் என்ன சாப்பிட்டது. இதைச் சில வாரங்களில் சில கிராமங்களில் கேட்டுவிடலாம். வங்கதேசத்தில் இதை முதலிலேயே கேட்டிருந்தால், ஆலோசனைக் கூட்டத்துக்கு மாமியாரையும் கணவரையும் அழைத்திருப்பார்கள். அதற்குத் தனிக் கடன் தேவைப்பட்டிருக்காது.