குரோஷா (கொக்கி ஊசி) பின்னலில் தப்பு எங்கே? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கொடைக்கானல் போகிறவர்களுக்குக் கொடுக்க டபுள் குரோஷாவில் மஃப்ளர் பின்னுகிறேன். 40 கண்ணியில் ஆரம்பித்தது 30 வரிசைக்குள் 33 ஆகிவிட்டது. எங்கேயும் விட்டுப் பின்னியதாகத் தெரியவில்லையே? (திருமங்கலம்)

பதில்: நடுவில் விடவில்லை, ஓரத்தில் விட்டிருக்கிறீர்கள். டபுள் (ஊசியில் நூலை ஒரு முறை சுற்றிப் பின்னும் உயரமான கண்ணி) பின்னும்போது வரிசைத் தொடக்கத்தில் போடும் 3 செயின்தான் (சங்கிலிக் கண்ணி) அந்த வரிசையின் முதல் கண்ணி. துணியைத் திருப்பி அடுத்த வரிசையின் முடிவுக்கு வரும்போது, அந்தச் செயின் சுருண்டு பின்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். பார்த்தால் கண்ணி என்றே தோன்றாது. அதற்கு முந்தைய டபுளோடு திருப்பிவிட்டால் ஒரு கண்ணி போயிற்று. உங்களுக்கு ஏழு தடவை அப்படிப் போயிருக்கிறது.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. 3 செயின் போட்ட கையோடு அதன் அடியில் இருக்கும் கண்ணியிலேயே ஊசியை விட்டால் ஒன்று கூடிவிடும். இரண்டு தப்பும் ஒரே வரிசையில் சேர்ந்தால் எண்ணிக்கை 40 என்றே வரும், ஓரம் மட்டும் மேடும் பள்ளமுமாக நிற்கும். ஆகவே எண்ணியதோடு நிறுத்தாமல் ஓரத்தையும் பாருங்கள்.

மூன்றாவது செயின் போட்டதும் அதில் சின்ன ஊக்கு ஒன்றை மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது கடைசி டபுள் அந்த ஊக்கு இருக்கும் செயினில் விழ வேண்டும். டபுளைவிடக் குட்டையான கண்ணியான சிங்கிள் குரோஷாவில் பொதுவாக இந்தக் குழப்பம் இல்லை: 1 செயின், அது கணக்கில் வராது, முதல் கண்ணியிலேயே பின்ன வேண்டும். டபுளில் 3 செயின் ஓரத்தில் ஓட்டை விடுகிறது என்றால் 2 செயின் மட்டும் போட்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல் முதல் கண்ணியிலேயே டபுள் போடலாம். அப்படிச் செய்தால் வரிசை முடிவில் அந்தச் செயினில் பின்னக் கூடாது. எந்த முறை என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள், பாதியில் மாற்றாதீர்கள்.

குறைந்தது ஒன்றிரண்டு கண்ணி என்றால் அடுத்த வரிசையில் ஒரே கண்ணியில் இரண்டு டபுள் போட்டு ஈடுகட்டிவிடலாம். கடைசியில் சுற்றிலும் சிங்கிளில் பார்டர் கட்டினால் வெளியே தெரியாது. பக்கவாட்டில் ஒரு டபுள் வரிசைக்கு 2 சிங்கிள், மூலைக்கு 3. ஏழு குறைந்ததைப் பார்டர் மறைக்காது. ஐந்து வரிசைக்கு ஒரு முறை எண்ணிக்கொண்டே கீழே போய், 40 சரியாக இருக்கும் கடைசி வரிசை வரை பிரித்துவிடுங்கள்.

கேள்வி: கட்டங்களை நிரப்பியும் காலியாக விட்டும் உருவம் காட்டும் ஃபைலே முறையில் மயில் போட்ட மேசை விரிப்பு. எட்டு வரிசை தாண்டிய பிறகுதான் கீழே ஒரு கட்டம் தப்பு என்று தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் சரி செய்ய வழி உண்டா? (சோழவந்தான்)

பதில்: எந்தப் பக்கத் தப்பு என்பதைப் பொறுத்தது. நிரப்ப வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் பிரிக்கவே வேண்டாம். அதே நூலை மழுங்கிய தையல் ஊசியில் கோத்து, இரண்டு டபுளுக்கு நடுவே இருக்கும் 2 செயினிலிருந்து கீழ் வரிசை வரை இரண்டு பொய்க் கால்களை இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு காலையும் நூலால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் டபுளின் தடிமன் வந்துவிடும். ஒரு முழம் தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

காலியாக இருக்க வேண்டியதை நிரப்பியிருந்தால்தான் சிக்கல். இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு கண்ணியை மட்டும் நழுவவிட்டுக் கீழே வரை இறக்கி, மறுபடி ஏற்றிவிடலாம். குரோஷாவில் அது நடக்காது. ஒவ்வொரு கண்ணியும் முழுதாக முடிந்து பூட்டிக்கொள்கிறது, மேல் வரிசை அதன் தலையைக் குத்திக்கொண்டு நிற்கிறது. வெட்டி எடுத்துக் கோக்கும் வித்தை இருக்கிறது என்றாலும் மெல்லிய பருத்தி நூலில் அதை நாங்கள் சொல்ல மாட்டோம். மயிலின் கண்ணிலோ கழுத்து வளைவிலோ தப்பு விழுந்திருந்தால் எட்டு வரிசையையும் பிரியுங்கள். தோகைக்குள் எங்கோ ஒரு கட்டம் என்றால் விட்டுவிடுங்கள், யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

பிரிக்கும் முன் நிறுத்த வேண்டிய வரிசையில் ஊக்கு போடுங்கள். அதற்கு முந்தைய வரிசை வரை வேகமாக இழுக்கலாம், கடைசி வரிசையை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து ஊசியை உடனே மாட்டிக்கொள்ள வேண்டும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், அப்படியே பின்னினால் கண்ணி சீராக விழாது. நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நிழலில் தொங்கவிட்டால் சுருள் போய்விடும். அக்ரிலிக் நூலை நிமிர்த்துகிறேன் என்று இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள், இழை உருகித் துவண்டுவிடும்.

கேள்வி: தாம்பாளத்தட்டு மூடிக்கு வட்டம் போட்டால் ஒரு தடவை அப்பள ஓரம் மாதிரி நெளிகிறது, மறு தடவை கிண்ணமாகக் குழிகிறது. (வாடிப்பட்டி)

பதில்: நெளிந்தால் கண்ணி அதிகம், குழிந்தால் குறைவு. சிங்கிளில் முதல் சுற்று 6, பிறகு சுற்றுக்கு 6 கூட வேண்டும்: 12, 18, 24. டபுளில் 12 கண்ணியில் தொடங்கி 24, 36, 48, 60. உங்கள் சுற்றை எண்ணுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று மட்டும் அதிகமாக வந்தால், சுற்றை மூடப் போட்ட ஸ்லிப் ஸ்டிச்சையும் கண்ணி என்று நினைத்து அதில் பின்னுகிறீர்கள் என்று அர்த்தம்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிந்தால் கை இறுக்கம். அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி எடுங்கள். நெளிந்தால் சின்னது. வட்டம் அறுகோணமாகத் தெரிந்தால், கூட்டும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. அதைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட வேண்டும்.

லேசான நெளிவைக் கூட்டாமல் ஒரு சுற்றுப் பின்னிச் சமாளிக்கலாம். குழிவு அப்படிச் சரியாகாது, குறைந்த சுற்று வரை பிரிக்கத்தான் வேண்டும்.

கேள்வி: யூடியூபில் பார்த்துப் பழகிய டபுளையே ஒரு ஆங்கிலப் புத்தகத்துக் குழந்தை கவுனுக்கும் போட்டேன். பொம்மைக்குப் போடும் அங்கி மாதிரி நீண்டு தொங்குகிறது. (மேலூர்)

பதில்: புத்தகம் பிரிட்டிஷ் முறையில் எழுதியது. அமெரிக்க சிங்கிள்தான் அங்கே டபுள். அமெரிக்க டபுளுக்கு அங்கே ட்ரெபிள் என்று பெயர். சிங்கிள் விழ வேண்டிய இடமெல்லாம் உயரமான கண்ணி விழுந்ததால் நீளம் கூடிவிட்டது. பேட்டர்னில் எங்காவது சிங்கிள் என்று இருந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறையில் அப்படி ஒரு கண்ணியே இல்லை. டபுளுக்கு முன் 3 செயின் போடச் சொன்னாலும் அமெரிக்க முறைதான்.

அகலம் சரியாக இருந்தால் பிரிக்காமல் வரிசைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மதுரை வெயிலுக்குக் கைக்குழந்தைக்கு நெருக்கமான சிங்கிள் துணியைவிடக் காற்றோட்டமான டபுளே நல்லது.

கேள்வி: குரோஷா மல்லிகைச் சரம் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் மாதிரி நிற்கிறது. தலையில் வைத்தால் படியவே இல்லை. (தெப்பக்குளம்)

பதில்: இறுக்கமான செயினின் ஒரே பக்கத்தில் மொட்டுகளை நெருக்கிப் போட்டால் முறுக்கத்தான் செய்யும். செயினை மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியில் போடுங்கள். மொட்டுக்கு மொட்டு 2 செயின் இடைவெளி விட்டு, ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றிப் பின்னுங்கள்.

கேள்வி: துவைத்ததும் விரிப்பின் நடு வட்டம் அவிழ்ந்துவிட்டது. முடிச்சுப் போட்டுத்தான் வெட்டினேன். (உசிலம்பட்டி)

பதில்: வெறும் முடிச்சை நம்பக் கூடாது, அது வழுக்கிவிடும். 15 செ.மீ. நூல் விட்டு வெட்டுங்கள். தையல் ஊசியில் கோத்து, நடு வளையத்தை இறுக்கி, அதைச் சுற்றியே இரண்டு தடவை ஓட்டி, திசை மாற்றி ஒரு தடவை திரும்பி வாருங்கள். திரும்பும்போது ஒரு இழையைத் தாண்டித் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் போன வழியிலேயே உருவிக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: சிவப்பும் வெள்ளையும் கலந்த வாசல் தோரணம். துவைத்ததில் வெள்ளை ரோஸ் ஆகிவிட்டது. உப்புப் போட்டு ஊறவைக்கலாமா? (தல்லாகுளம்)

பதில்: உப்பும் வினிகரும் கடையில் வாங்கிய பருத்தி நூலின் சாயத்தை நிறுத்தாது. தோரணம் இன்னும் ஈரமாக இருந்தால் காயவிடாதீர்கள். நிறைய குளிர்ந்த தண்ணீரில், நீர் தெளியும் வரை அலசிக்கொண்டே இருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலை மட்டும் குடிக்கிற தண்ணீரில் செய்யுங்கள். இல்லையென்றால் சிவப்பு நூலில் வெள்ளையாகப் பூத்துவிடும். அடுத்த முறை பின்னும் முன்பே சிவப்பு நூலில் ஒரு சாண் நீளத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை விழுந்தால் அந்த நூலைத் தனி நிற வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஒரே நிறம் என்று சொல்லி வாங்கிய இரண்டாவது நூல்கண்டு, பின்னிய பிறகு வேறு நிறமாகத் தெரிகிறது. (திருப்பரங்குன்றம்)

பதில்: லேபிளில் நிற எண்ணோடு லாட் எண்ணும் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) ஒன்றாக இருக்க வேண்டும். இனி வேறு லாட்தான் கிடைக்கும் என்றால் பழைய கண்டில் இரண்டு வரிசை, புதிய கண்டில் இரண்டு வரிசை என்று பத்துப் பன்னிரண்டு வரிசை மாற்றிப் பின்னுங்கள், கோடு விழாது.